மூணு நாளைக்கு மட்டும் போதும்: ஒய்2கே காலத்து நிதான விளம்பரங்கள்

ஒய்2கே பற்றி அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வெளியிட்ட துண்டறிக்கையைக் கொஞ்ச நாள் முன்னாடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். இது கம்ப்யூட்டரைப் பற்றின அறிக்கையா, இல்லை "புயல் வருது, ஜாக்கிரதை" அறிக்கையா என்று சந்தேகமே வந்துவிட்டது. சில நாளில் இருந்து ஒரு வாரம் வரைக்கும் தாங்குகிற மாதிரி கெட்டுப்போகாத சாப்பாடும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாப்பிடுகிற மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார் டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே போக வேண்டாம். கையில் கொஞ்சம் ரொக்கம், கூடுதலாக ரெண்டு போர்வை, டார்ச் லைட்டுக்கு பேட்டரி. கரண்ட் போனால் கேஸ் அடுப்பைக் கொளுத்தி வீட்டைச் சூடாக்காதீர்கள். ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வீட்டு ஒயரிங்கில் நேராகச் சொருகாதீர்கள்.

அவ்வளவுதான். கம்ப்யூட்டரை என்ன செய்வது என்பதற்கு அதில் பெரிய இடம் இல்லை. யோசித்தால் அதுதான் சரியும்கூட. சாதாரண மனுஷன் ஒருத்தன் வங்கியின் கோபால் நிரலைத் திருத்தப் போவதில்லை. அவனால் செய்ய முடிந்தது ரெண்டே ரெண்டு: கொஞ்சம் தயாராக இருக்கலாம், அல்லது பதறி ஓடி எல்லாருக்கும் சேர்த்துக் கெடுத்து வைக்கலாம். 1998, 1999 ரெண்டு வருஷமும் அமெரிக்க அரசு, வங்கிகள், டெலிபோன் கம்பெனிகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் செய்த பிரசாரம் முழுக்க இந்த ரெண்டுக்கும் நடுவே உள்ள ஒரு மெல்லிய கோட்டின் மேல்தான் நடந்தது. "தயாராக இருங்கள்" என்று உரக்கச் சொன்னால் ஜனம் பயந்துவிடும். "பயப்படாதீங்க" என்று உரக்கச் சொன்னால் இன்னும் அதிகமாகப் பயந்துவிடும். வீட்டுக்கு வந்தவர் உட்காரும் முன்பே "ஒண்ணும் ஆகலை, பதறாதீங்க" என்று ஆரம்பித்தால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 80 பத்தி துளை அட்டையில் தகவல் ஏற்றிய காலத்தில் ரெண்டு எழுத்து மிச்சம் பிடிப்பதுகூடப் பெரிய விஷயம். அதனால் 1967 என்று எழுதாமல் 67 என்றே எழுதினார்கள். அந்தப் பழக்கம் அப்படியே தொடர்ந்து, 2000 பிறந்தால் 00 என்பதை இயந்திரம் 1900 என்று எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது. பாப் பெமர் என்கிற கணினி வல்லுநர் 1971-லேயே இதை எழுதிவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1993 செப்டம்பரில் கனடாக்காரர் பீட்டர் டி ஜாகர் கம்ப்யூட்டர்வேர்ல்டு இதழில் "டூம்ஸ்டே 2000" என்று தலைப்புப் போட்டு எழுதினார். அந்தத் தலைப்பு செய்த வேலையை அடுத்த ஆறு வருஷம் யாராலும் முழுசாகத் திருப்ப முடியவில்லை.

(நம்ம ஊரில் இந்தக் கதைக்கு வேறு முகம். ஒய்2கே என்றால் நமக்குக் கோபால் கோர்ஸ், விசா, "பையன் அமெரிக்கா போயிட்டான்". இந்திய மென்பொருள் நிறுவனங்கள் உலகக் கதவைத் தட்டித் திறந்தது இந்தப் பழைய நிரல்களைத் திருத்தும் வேலையால்தான். 1999 டிசம்பர் 31 அன்று நாம் டிவி முன்னால் உட்கார்ந்தது கம்ப்யூட்டருக்காக இல்லை, கந்தகாரில் நின்ற விமானத்துக்காக. அதனால் அங்கே சாதாரண ஜனம் எந்த மனநிலையில் இருந்தது என்பது நமக்குச் சரியாகப் பதியவே இல்லை.)

அங்கே நிலைமை இப்படி. எட்வர்ட் யூர்டன் என்கிற மதிப்புமிக்க மென்பொருள் எழுத்தாளர் மகளோடு சேர்ந்து "டைம் பாம் 2000" என்று புத்தகம் போட்டார், நியூயார்க்கை விட்டு நியூ மெக்சிகோவுக்கே குடிபோய்விட்டார். விவரம் தெரிந்த ஆளே மூட்டை கட்டுகிறார் என்றால் தெரியாதவன் என்ன நினைப்பான்? ஜெரி ஃபால்வெல் மாதிரி பிரசங்கிகள் வீடியோ கேசட் விற்றார்கள். ஸ்டார் டிரெக் நடிகர் லெனார்ட் நிமாய் குரல் கொடுத்த "ஒய்2கே ஃபேமிலி சர்வைவல் கைடு" என்று ஒரு கேசட் 1999-ல் வந்தது. உலர்ந்த உணவு டப்பா, ஜெனரேட்டர், விறகடுப்பு எல்லாம் பிய்த்துக்கொண்டு விற்றன. பயத்துக்கு விளம்பரம் கொடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள், அவர்களுக்கு அதில் லாபமும் இருந்தது. நிதானத்துக்கு விளம்பரம் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

1998 பிப்ரவரி 4-ம் தேதி கிளின்டன் ஒரு ஆணை பிறப்பித்து, 2000-ம் ஆண்டு மாற்றத்துக்கென்று ஜனாதிபதி கவுன்சில் ஒன்றை அமைத்தார். அதன் தலைவராக ஜான் கோஸ்கினன். கம்ப்யூட்டர் ஆள் இல்லை, வழக்கறிஞர், நிர்வாகி. நொடிந்துபோன கம்பெனிகளை எடுத்து நிமிர்த்துவதுதான் அவர் பல வருஷம் பார்த்த தொழில். 1995-96-ல் பட்ஜெட் சண்டையில் அமெரிக்க அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தபோது அந்தக் களேபரத்தைச் சமாளித்தவர்களில் ஒருத்தர். இந்த வேலைக்கு ஒரு புரோகிராமரைப் போடாமல் இவரைப் போட்டதே, பிரச்சினை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்திருந்ததைக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

செனட்டிலும் ஒரு தனிக் குழு போட்டார்கள். தலைவர் யூட்டா மாநிலத்து ராபர்ட் பென்னட். தான் பால் ரிவியராக இருக்க வேண்டும், சிக்கன் லிட்டிலாக ஆகிவிடக் கூடாது என்பது அவர் வைத்திருந்த உவமை. பால் ரிவியர் 1775-ல் ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரை ஏறி, பிரிட்டிஷ் படை வருகிறது என்று ஊர் ஊராக எச்சரித்தவர். சிக்கன் லிட்டில், தலையில் கொட்டை விழுந்ததும் வானமே இடிந்து விழுகிறது என்று கத்திக்கொண்டு ஓடிய கோழிக்குஞ்சு. நமக்குச் சொல்வதானால் ஜாதகக் கதையில் வில்வக்காய் விழுந்த சத்தத்துக்குப் பூமி பிளக்கிறது என்று ஓடி, காட்டையே பின்னாடி ஓட வைத்த முயல். ரெண்டு பேரும் கத்திக்கொண்டேதான் ஓடுகிறார்கள். பார்க்கிறவனுக்கு அப்போதைக்கு வித்தியாசம் தெரியாது. அதுதான் சிக்கல்.

முதலில் ஒரு தடை இருந்தது. "உங்க கம்பெனி தயாரா?" என்று கேட்டால் எந்தக் கம்பெனியும் வாயைத் திறக்காது. தயார் என்று சொல்லி நாளைக்கு ஏதாவது ஆனால் வழக்கு, தயாரில்லை என்று சொன்னால் இன்றைக்கே பங்கு விலை விழும். வக்கீல்கள் எல்லாரும் சேர்ந்து எல்லார் வாயையும் தைத்துவிட்டார்கள். அந்த மௌனம்தான் வதந்திக்குத் தீனி. அதனால் 1998 அக்டோபர் 19-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: ஒய்2கே தயார்நிலை பற்றி நல்ல எண்ணத்தோடு தரும் தகவல் பிறகு தவறாகிப் போனாலும், அதை வைத்து எளிதில் வழக்குப் போட முடியாது. அதற்கப்புறம் கம்பெனிக் கடிதங்களில் "ஒய்2கே தயார்நிலை அறிவிப்பு" என்ற அர்த்தத்தில் ஒரு முத்திரை வரி வர ஆரம்பித்தது. விளம்பர வரலாறு எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ இதுதான் அடித்தளம் என்று தோன்றுகிறது. "நிதானமா இருங்க" என்று சொல்கிறவன் கையில் சொல்வதற்குத் தகவல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் அதட்டல். கோஸ்கினன் திரும்பத் திரும்ப எடுத்த நிலைப்பாடும் இதுதான்: கெட்ட செய்தி கேட்டு ஜனம் பதறுவதில்லை, எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும்போதுதான் பதறும். 1999 ஜனவரியில் கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று வந்தது. அதைக் கூப்பிட்டுக் கரண்ட், வங்கி, விமானம், மைக்ரோவேவ் அடுப்பு எது பற்றியும் கேட்கலாம். மே மாதத்தில் இருந்து ஊர் ஊராக "சமூக உரையாடல்" நடத்த ஊக்குவித்தார்கள். உள்ளூர் மின்சார வாரியத்து ஆள், தண்ணீர் விநியோகிக்கிற ஆள், வங்கி மேனேஜர், போலீஸ் அதிகாரி எல்லாரும் ஒரு மேடையில் வந்து உட்கார்ந்து ஜனத்தின் கேள்விக்குப் பதில் சொல்வது. வாஷிங்டன் சொன்னால் நம்பாதவன்கூடத் தன் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னால் நம்புவான் இல்லையா.

அடுத்தது, எவ்வளவு தயாராக வேண்டும்? இங்கேதான் கெட்டிக்காரத்தனம். கவுன்சில் கொடுத்த பதில்: பனிப்புயல் வருகிறது என்றால் எவ்வளவு தயாராவீர்களோ அவ்வளவு. ஒரு நீண்ட வார விடுமுறைக்கு வாங்கி வைப்பது போல. மூன்று நாள்.

இந்த "மூன்று நாள்" எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 2000 ஜனவரி 1 சனிக்கிழமை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று எப்படியும் மூன்று நாள் விடுமுறைதான். ஆகவே அறிவுரை ஒன்றும் புதுசாக ஆகிவிடவில்லை, ஏற்கெனவே செய்வதைக் கொஞ்சம் கவனமாகச் செய்யச் சொன்ன மாதிரி ஆயிற்று. பனிப்புயல் என்ற உவமையும் சும்மா வரவில்லை. பனிப்புயல் அமெரிக்கர்கள் பார்த்துப் பழகினது. அது வரும், ரெண்டு நாள் கரண்ட் போகும், அப்புறம் போய்விடும். போய்விடும் என்பதுதான் முக்கியம். "கம்ப்யூட்டர் செயலிழப்பு" என்றால் மனசில் ஒரு படமும் இல்லை, அதனால் சினிமாவில் பார்த்த உலக அழிவு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பனிப்புயல் என்றதும் அந்த இடத்தில் பாட்டி வீட்டுப் போர்வையும் டின் சூப்பும் வந்து உட்கார்ந்தன. மெட்ராஸ்காரனுக்குப் "புயல் வருது, மெழுகுவர்த்தி வாங்கி வை" என்றால் போதும் இல்லையா, வேறு விளக்கமே வேண்டாமே.

இன்னொன்று, மூன்று நாள் என்பது எவ்வளவு வாங்கணும் என்று சொன்னதோடு எங்கே நிறுத்தணும் என்றும் சொன்னது. பொதுவாகத் தயார்நிலை விளம்பரங்கள் உச்சவரம்பு சொல்வதே இல்லை. "தயாராகுங்கள்" என்று விட்டுவிட்டால், கவலைப்படுகிற குணம் உள்ளவன் ஆறு மாத அரிசியை வாங்கி அடுக்குவான். பத்தாயிரம் பேர் அப்படி அடுக்கினால் கடை காலி. காலியான அலமாரியை டிவியில் காட்டினால் மீதிப் பேரும் ஓடுவார்கள்.

இந்த எண்ணில் அதிகாரிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசு மூன்று நாள் என்றது, செஞ்சிலுவைச் சங்கம் ஒரு வாரம் வரை போனது. பிரிட்டனில் இன்னும் மோசம். அங்கே ஆக்‌ஷன் 2000 என்று அரசே ஒரு அமைப்பு வைத்திருந்தது. அதன் நிர்வாக இயக்குநர் க்வினெத் ஃபிளவர் 1998-ல் ஒன்றிரண்டு வாரத்துக்கு டின் உணவு மாதிரி சாமான் வாங்கி வைப்பது நல்லது என்று பேச, பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, அமைச்சர்கள் அவசர அவசரமாக "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல மனதோடு சொன்ன ஒரு வரிதான். ஆனால் "ரெண்டு வாரம்" என்ற எண்ணைக் கேட்டதும் எந்தக் குடும்பத் தலைவியும் ஒரு கணக்குப் போடுவாள்: ரெண்டு வாரம் கடை திறக்காது என்றால் விஷயம் வேறு மாதிரி. பிறகு ஆக்‌ஷன் 2000 வேறு வழியில் போனது. மின்சாரம், தண்ணீர், போன் என்று ஒவ்வொரு துறைக்கும் நீலம், மஞ்சள், சிவப்பு நிறம் கொடுத்து, எது எந்த நிலையில் இருக்கிறது என்று பொதுவில் வெளியிட்டது. இது நல்ல முறை. ஒவ்வொரு தடவையும் நீலம் கூடிக்கொண்டே போனதைப் பார்த்தாலே பாதி பயம் போயிருக்கும்.

இப்போது பணத்துக்கு வருவோம். உண்மையில் அதிகாரிகளுக்குத் தூக்கம் போன இடம் இதுதான். வங்கியின் கம்ப்யூட்டர் தாங்கும், சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆனால் எல்லாரும் டிசம்பர் கடைசி வாரத்தில் வந்து பணத்தைக் கொடு என்றால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. உலகில் எந்த வங்கியும் போட்ட பணத்தை முழுசாக ரொக்கமாக அடுக்கி வைத்திருப்பதில்லை. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க வங்கிகள் வரிசையாக மூழ்கின, 1933-ல் நாடு முழுக்க வங்கிகளை மூடிவைக்க வேண்டி வந்தது. வைப்புத்தொகைக் காப்பீட்டு நிறுவனம் பிறந்ததே அந்த வருஷத்துப் பீதியில்தான். 66 வருஷம் கழித்து அதே நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குத் துண்டறிக்கை எழுத உட்கார்ந்தது.

அவர்கள் எழுதியது ஏறக்குறைய இவ்வளவுதான்: உங்கள் பணம் 1,00,000 டாலர் வரைக்கும் காப்பீட்டில் இருக்கிறது, தேதி மாறினாலும் அது மாறாது. கடைசிச் சில மாதக் கணக்கு அறிக்கைகளைப் பத்திரமாக வையுங்கள். நீண்ட விடுமுறைக்கு எவ்வளவு எடுப்பீர்களோ அவ்வளவு எடுங்கள். "உங்க கணக்கை ஒய்2கே-க்காகப் பாதுகாப்பான வேறு கணக்குக்கு மாத்தறோம், நம்பர் சொல்லுங்க" என்று யாராவது போன் பண்ணினால் வைத்துவிடுங்கள், அவன் திருடன். (இன்றைக்கும் நமக்கு வருகிற போன்தான். சாக்கு மட்டும் மாறியிருக்கிறது.) "பணம் எடுக்காதீர்கள்" என்று எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எடுக்காதே என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வரிசை நின்றிருக்கும்.

இந்தத் துண்டறிக்கைக்குப் பின்னால் இன்னொரு காரியம் நடந்தது. 1998 ஆகஸ்டில் ஃபெடரல் ரிசர்வ், கையிருப்பு ரொக்கத்தை 50 பில்லியன் டாலர் கூட்டி, 150-லிருந்து 200 பில்லியனாக வைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அமெரிக்காவில் அப்போது ஏறத்தாழ 10 கோடி வீடுகள். வீட்டுக்கு 500 டாலர் கூடுதலாக எடுத்தால் கணக்கு மிகச் சரியாக 50 பில்லியன் வருகிறது. 500 டாலர் ஒரு நீண்ட வார இறுதிக்குத் தாராளம். அதாவது பணம் இருக்கிறது என்ற விளம்பரத்துக்குப் பின்னால் நிஜமாகவே பணத்தை அச்சடித்து வைத்தார்கள். அச்சடித்ததை ரகசியமாகவும் வைக்கவில்லை, அறிவித்தார்கள். கடைசியில் எதிர்பார்த்த அளவு எடுக்க ஆள் வரவில்லை. சங்கத்து வங்கியாளர்கள் ஒரு படி மேலே போய், அமெரிக்க வங்கியாளர் சங்கத்தின் பேரில் தேவாலயங்களில் வாசிக்கத் தோதாக ஒரு மாதிரிப் பிரசங்கமே எழுதிக் கொடுத்தார்கள். படித்தபோது சிரித்தேன். அப்புறம் யோசித்தால், கேசட் விற்ற பிரசங்கி மேடையிலிருந்துதானே பேசினார், பதிலும் அங்கிருந்தே வரட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். தப்பில்லை.

டெலிபோன் கதை இன்னும் சுவாரசியம். மணி 12 அடித்ததும் ஒருத்தன் என்ன செய்வான்? போன் வேலை செய்கிறதா என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பான். ஒரு ஊரே ஒரே நிமிஷத்தில் எடுத்தால் எக்ஸ்சேஞ்ச் திணறும், ஏனென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்று எந்த எக்ஸ்சேஞ்சையும் கட்டுவதில்லை. டயல் டோன் வராது. வராததும் "ஐயோ, ஒய்2கே!" என்று பக்கத்து வீட்டுக்காரனும் எடுத்துப் பார்ப்பான். கணினியில் ஒரு குறையும் இல்லாமலே கணினிச் செயலிழப்பு நடந்துவிடும். அதனால் டெலிபோன் துறையினர் கேட்டுக்கொண்டது: தயவுசெய்து சும்மா சோதித்துப் பார்க்க ரிசீவரை எடுக்காதீர்கள், வாழ்த்துச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பெட்ரோலும் அப்படித்தான். நாட்டில் உள்ள எல்லாக் கார்களும் டிசம்பர் 31 அன்று டேங்கை நிரப்ப வந்தால் பங்க் காய்ந்துவிடும், பெட்ரோல் கம்பெனியின் கம்ப்யூட்டர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சரி. செஞ்சிலுவைச் சங்கம் "பாதிக்குக் கீழே போக வேண்டாம்" என்று எழுதியதன் அருமை இங்கே தெரியும். "நிரப்பி வையுங்கள்" என்று எழுதியிருந்தால் எல்லாரும் ஒரே நாளில் வந்திருப்பார்கள். பாதி டேங்க் என்பது ஒரு பழக்கம். அதற்குத் தேதி கிடையாது.

இதற்கு நடுவே காசு கொடுத்து எடுத்த மற்ற விளம்பரங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? 1999 ஜனவரியில் சூப்பர் பௌல் ஆட்டத்தின் நடுவே ஆப்பிள் ஒரு விளம்பரம் போட்டது. சினிமாவில் வரும் ஹால் என்கிற பொல்லாத கணினி, 2000-ல் இயந்திரங்கள் தவறாக நடந்துகொண்டது எங்கள் குற்றமில்லை, அது ஒரு பிழை, மேக்கின்டாஷ் மட்டும் ஒழுங்காக இருந்தது என்று வருத்தத்தோடு பேசும். நைக்கி இன்னும் துணிச்சல். ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய படத்தில், ஜனவரி 1 காலை ஒருத்தன் எழுந்து வழக்கம் போல ஓடப் போகிறான். ஏடிஎம் பணத்தைத் துப்புகிறது, ஏவுகணை பறக்கிறது, ஊரே களேபரம். அவன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான். கிண்டல்தான், ஆனால் சொல்லக் கூடாது, நிதானத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் அந்த வருஷம் வரவில்லை. அடுத்த ஆண்டு அதற்கு எம்மி விருதும் கிடைத்தது. நவம்பர் 21-ல் என்பிசி ஒய்2கே என்ற பெயரிலேயே ஒரு டிவி சினிமா ஒளிபரப்பியது. மின் நிறுவனங்களின் சங்கம், இதைப் போடாதீர்கள் என்று நிலையங்களைக் கேட்டுக்கொண்டது. சினிமா வந்தது, "இது கற்பனை" என்ற அறிவிப்போடு. ஒருத்தரும் வங்கிக்கு ஓடவில்லை. ஜனத்தைப் பற்றி அதிகாரிகள் பயந்த அளவுக்கு ஜனம் பயந்தாங்கொள்ளி இல்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி மாதங்களில் பேச்சைவிடச் செய்கை பேசியது. விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் ஜேன் கார்வி, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு அடிக்கும்போது தானே பயணிகள் விமானத்தில் பறந்துகொண்டிருப்பேன் என்று அறிவித்து, அப்படியே டிக்கெட் எடுத்து ஏறிப் போனார். கொலராடோவில் ரஷ்ய ராணுவ அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் ஒரே அறையில், ஒரே ஏவுகணை எச்சரிக்கைத் திரையைப் பார்த்தபடி புத்தாண்டைக் கழித்தார்கள். எவன் கம்ப்யூட்டராவது பொய்யாக அலறினால் பக்கத்து நாற்காலிக்காரனிடம் கேட்டுக்கொள்ளலாம். பத்து வருஷம் முன்னால் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாத காட்சி.

அந்த ராத்திரி நடந்தது உங்களுக்குத் தெரியும், அதாவது ஒன்றும் நடக்கவில்லை. வாஷிங்டனில் 50 மில்லியன் டாலர் செலவில் அமைத்த தகவல் மையத்தில் கோஸ்கினன் மணிக்கு மணி நிருபர்களிடம் பேசினார். நியூஸிலாந்தில் விளக்கு எரிகிறது, ஜப்பானில் எரிகிறது, மாஸ்கோவில் எரிகிறது. சின்னச் சின்னதாக நடந்தவை உண்டு. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் தகவலைப் பிரித்தெடுக்கும் தரைநிலையக் கணினி படுத்து, முழுசாக எழுந்திருக்கச் சில நாள் ஆனது. ஜப்பானில் அணு உலை ஒன்றில் கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவி நின்றது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடியோ கடையில் "தி ஜெனரல்ஸ் டாட்டர்" கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு 100 வருஷம் தாமதம் என்று 91,250 டாலர் பில் வந்தது. எல்லாப் பேப்பரிலும் இந்த வீடியோ கடைதான்.

ஒரு வாரத்துக்குள் பேச்சு மாறியது. "எல்லாம் புருடா. கன்சல்டன்ட் பசங்க காசு பண்ணிட்டாங்க." அமெரிக்க வணிகத் துறையின் மதிப்பீட்டில் அந்நாட்டில் மட்டும் செலவு 100 பில்லியன் டாலர். சந்தேகப்படுகிறவர்களின் கேள்வியில் நியாயமும் இருக்கிறது: குறைவாகச் செலவழித்த இத்தாலியும் ரஷ்யாவும்கூடத்தானே தப்பித்தன? அந்த நாடுகளில் அன்றாட வாழ்க்கை கணினியைச் சார்ந்திருந்த அளவு குறைவு, மேலும் அமெரிக்காவில் திருத்திய அதே மென்பொருள்தான் அங்கேயும் போய்ச் சேர்ந்தது என்பது ஒரு பதில். எனக்கு அது பெரும்பாலும் சரியாகவே படுகிறது, ஆனால் 100 பில்லியனில் ஒரு பைசா வீண் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதுகிறவர்கள் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்து ஆய்வகக் கணினி ஒன்று, கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனையையும் வயதையும் வைத்துக் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. 2000 ஜனவரியில் இருந்து அது தாயின் வயதைத் தப்பாகக் கணக்குப் போட்டது. தேதிப் பிழைதான். மே மாதம் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. 150-க்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தவறான முடிவு போனது, அதிக ஆபத்து என்று சொல்லியிருக்க வேண்டியவர்களுக்குக் குறைந்த ஆபத்து என்று. டவுன் சிண்ட்ரோம் உள்ள நான்கு கர்ப்பங்கள் அப்படித் தவறிப்போயின. விசாரணை அறிக்கை 2001 செப்டம்பரில் வந்தது. அந்த மாதம் உலகம் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்களுக்கு எந்தத் துண்டறிக்கையும் உதவியிருக்காது. டின் உணவு, பாதி டேங்க் பெட்ரோல், 500 டாலர் எதுவும். ஊரே இருட்டாகும் என்று பயந்த ஒரு பிழைக்கு மூன்று நாள் சாமான் பதில். ஒரு ஆய்வகத்து மூலையில் சத்தமில்லாமல் "பயமில்லை" என்று அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பிழையைப் பற்றி எந்தப் பிரசாரமும் நினைக்கவில்லை. பிரசாரத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது கூட்டத்தைக் கையாளப் புறப்பட்டது, அதைச் செய்தது. ஆனால் ஜனவரி 2-ம் தேதி எல்லாரும் சேர்ந்து "முடிஞ்சுது" என்று கைதட்டிக் கலைந்தபோது, தேடிப் பார்க்கிற கண்களும் சேர்ந்து கலைந்துவிட்டன என்று தோன்றுகிறது.

வாஷிங்டன் தகவல் மையத்தை பிப்ரவரி 29-க்காக ஒரு தடவை திரும்பத் திறந்தார்கள். நூறால் வகுபடும் வருஷம் லீப் வருஷம் இல்லை, ஆனால் நானூறால் வகுபட்டால் லீப் வருஷம் என்கிற விதியில் பாதியை மட்டும் எழுதியிருந்த நிரல்கள் அன்று தடுமாறலாம் என்று. அதற்கு யாரும் டின் உணவு வாங்கவில்லை, சினிமா எடுக்கவில்லை. அப்புறம் கவுன்சிலைக் கலைத்துவிட்டார்கள். கோஸ்கினன் 2013 டிசம்பரில் அமெரிக்க வருமான வரித் துறையின் தலைவராக வந்து உட்கார்ந்தார். 2016-ல் அரசுத் தணிக்கை அலுவலகம் அமெரிக்க அரசிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய கணினி அமைப்புகளைப் பட்டியல் போட்டது. முதல் வரிசையில் இருந்தது 56 வயதான ஒன்று, தனிநபர் வரிக்கணக்குகளின் மூலக் கோப்பு. அவருடைய துறையினுடையதுதான்.